விளம்பரத் தகடுகளும் தகர டப்பாக்களும்

பழம்பொருள் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவை செப்பேடுகள், நாணயங்கள், ஐம்பொன் படிமங்கள் முதலியவையே. அவற்றைப் போற்றிக் காப்பதற்கு அரசாங்க இலாகாக்களும், பொருட்காட்சி சாலைகளும், அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் மளிகைக் கடையின் நெற்றியில் தொங்கிய எனாமல் தகட்டையும், சமையலறைப் பரணில் கிடக்கும் பிஸ்கோத்து டின்னையும், தேநீர்க் கடையில் கோப்பைகளை ஏந்தி வந்த விளம்பரத் தட்டையும் பழம்பொருள் என்று மதிக்க நம்மில் பலர் இன்னும் பழகவில்லை. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கே அவை உரியவை என்று எண்ணுகிறோம். அதே பொருள்களைப் பெருநகரங்களில் நல்ல விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்போரும் இப்பொழுது பெருகி வருகிறார்கள். எடைக்குப் போடுவதால் இவை அழிகின்றன என்பது யாவரும் அறிந்ததே. சேர்க்கும் முறை அறியாமல் சேர்ப்பதாலும் இவை அழிகின்றன. இந்த இரண்டாவது அழிவைப் பற்றியே நாம் இங்கே முக்கியமாகப் பேச விரும்புகிறோம்.

முதலில் இப்பொருள்கள் எவ்வாறு தோன்றின என்பதைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரெடிங் நகரத்து ஹண்ட்லி அண்டு பாமர்ஸ் கம்பெனியார் தங்கள் பிஸ்கோத்துகள் வழியில் நொறுங்காமலும் நமுத்துப் போகாமலும் இருக்கத் தகரப் பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். தொடக்கத்தில் அப்பெட்டிகளின்மீது காகிதச் சீட்டுகளே ஒட்டப்பட்டன. 1868இல் படங்களைத் தகரத்தின்மீதே ஏற்றும் முறை வந்தது. 1875இல் ராபர்ட் பார்க்ளே என்பவர் இன்னும் சிறந்த ஒரு முறைக்கு உரிமை பெற்றார். அச்சுக்கல்லை நேரே தகரத்தின்மீது அழுத்தினால் மை சீராகப் படிவதில்லை. ஆகையால் இடையில் ஓர் உருளையை வைத்து, அது கல்லிலிருந்து மையை வாங்கித் தகரத்தில் பதிக்கும்படி செய்தார். டப்பா, தட்டு, நாட்காட்டித் தகடு ஆகியவற்றில் பல வண்ணப் படங்கள் மலிவாக வந்ததற்கு இந்த உருளையே காரணம். இதே தத்துவம் பின்னர் காகித அச்சுக்கும் சென்று உலகெங்கும் பரவியது.

எனாமல் தகடு இதனின்று வேறானது. அது அச்சிடப்படுவதன்று, சுடப்படுவது. இரும்புத் தகட்டை அமிலத்தில் இட்டுத் துப்புரவு செய்து, கண்ணாடித் தூளைக் குழம்பாக்கி அதன்மேல் பூசி, சுமார் 800 டிகிரி வெப்பமுள்ள உலையில் வைப்பார்கள். தூள் உருகி இரும்போடு ஒன்றாகிவிடும். இந்த முதற்பூச்சு கருநீலமாகவோ கறுப்பாகவோ இருக்கும். அதன்மேல் ஒவ்வொரு வண்ணத் தூளையும் பூசி உலர்த்தி, எழுத்து வெட்டிய தகட்டு அச்சை வைத்து, வேண்டாத இடத்துத் தூளைத் தூரிகையால் துடைத்துவிட்டு மீண்டும் சுடுவார்கள். ஐந்து வண்ணமுள்ள தகடு பல முறை நெருப்பில் புகுந்து வந்தது என்று கொள்ளலாம். வெயிலும் மழையும் இதன் நிறத்தை எளிதில் மங்கச் செய்வதில்லை. 1889இல் பர்மிங்காமை அடுத்த செல்லி ஓக் என்ற இடத்தில் இத்தகடுகளுக்கென்றே ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. பிற்காலத்தில் கல்கத்தாவிலும் இவற்றைச் செய்யும் பட்டறைகள் ஏற்பட்டன. பழைய தகடுகள் பலவற்றின் கீழ் விளிம்பில் செய்தவர் பெயர் மிகச் சிறிய எழுத்தில் இருப்பதைக் காணலாம்.

லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. அதைப் போல் இந்நாட்டிற்கு வந்த ஒவ்வொரு சரக்கிற்கும் ஒரு சிக்கல் இருந்தது. வாங்குவோரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியும் நம் நாட்டில் எழுத்தறிவு பெற்றிருந்தோர் நூற்றுக்குச் சுமார் 18 பேரே. படிக்கத் தெரிந்தவர்களோ பல மொழியினர், பல லிபியினர். ஆகவே வியாபாரிகள் படத்தை நம்பினார்கள். யானை, கிளி, மரம், சாவி, நாய் என்று ஒவ்வொரு சரக்கிற்கும் ஓர் உருவம் அமைந்தது. வடநாட்டார் ‘சாப்’ என்றும், தமிழ்நாட்டார் ‘மார்க்’ என்றும் அதைக் குறிப்பிட்டார்கள். கம்பெனியின் பெயரைச் சொல்லத் தெரியாத கிழவியும், இன்ன மார்க் வேண்டும் என்று கடையில் கண்டிப்பாகக் கேட்க முடிந்தது. மான்செஸ்டர் துணிகளில் ஒட்டி வந்த வண்ணச் சீட்டுகளும் இதே நோக்கத்தோடு அச்சிடப்பட்டவைதாம். பெங்களூரில் 2023இல் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்படப் பொருட்காட்சி சாலையில் அத்தகைய சீட்டுகள் பெருந்தொகுதியாக வைக்கப்பட்டிருக்கின்றன.

படத்திற்கு அடுத்தபடி எழுத்து. நாம் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவர். ஆதலால் எனாமல் தகட்டைக் கண்டால் நம் கண் முதலில் அதன் வரிகளுக்கே செல்கிறது. டில்லியில் ஒரு பழைய சாமான் கடையில் கூந்தல் தைலம் ஒன்றின் தகட்டைப் பார்த்தோம். மேலே ஆங்கிலம், நடுவில் உருது, கீழே ஹிந்தி. ஆங்கில வரி முடி செழித்து வளரும் என்றது. உருது வரியோ மூளைக்குக் குளிர்ச்சி உண்டாகும் என்றது. ஹிந்தி வரி தலைவலி தீரும் என்று உறுதி கூறியது. எண்ணெய் ஒன்றே, வாக்குறுதி மூன்று. இதை மொழிபெயர்ப்புப் பிழை என்று தள்ளிவிடலாகாது. எந்த வீட்டார் எதை விரும்பிக் காசு கொடுப்பார்கள் என்பதை நன்கு அறிந்த யாரோ ஒருவர் அதை எழுதியிருக்கிறார். அவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அகராதிகளில் கிடைக்காத கடைவீதிச் சொற்கள் பலவற்றை அவரைப் போன்றோர் நெருப்பில் சுட்டு நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

அத்தகட்டின் அடியில் ஒரு வெற்றுப் பட்டை இருந்தது. அதில் ஒரு காலத்தில் அந்த ஊர் ஏஜெண்டின் பெயரும் கடைத்தெருவின் பெயரும் கையால் எழுதப்பட்டிருந்தன. பார்வைக்கு அழகாக இல்லை என்று கடைக்காரர் அதைத் தேய்த்து எடுத்துவிட்டார். எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டோம், அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு விற்றவரும் சொல்லவில்லை. மூன்று மொழிகளில் பேசிய ஒரு தகடு, எந்த மக்களிடம் பேசியது என்பதை அறியும் வழி அன்றோடு அடைபட்டுப் போயிற்று. தகடு என்னவோ பளபளவென்று இருந்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது.

இங்கே நாம் ஒரு கருத்தை அழுத்திக் கூற விரும்புகிறோம். இப்பொருள்களில் இருவர் எழுதியிருக்கிறார்கள். முதலாமவர் விற்றவர், அவர் எழுதியது படமும் வாசகமும். இரண்டாமவர் வாங்கியவர், அவர் எழுதியது தேய்மானம், ஆணித்துளை, ஒட்டுப்போட்ட கைப்பிடி, கையால் எழுதிய பெயர் ஆகியவை. சேர்ப்பவர்கள் பெரும்பாலும் முதலாமவரின் எழுத்தைக் காத்து, இரண்டாமவரின் எழுத்தை அழித்துவிடுகிறார்கள்.

இரண்டும் வேண்டும் என்பதற்குத் தேயிலைத் தகடுகளே தக்க சான்று. தேயிலை ஏற்றுமதியின்மீது வரி விதித்து, அத்தொகையைக் கொண்டு தேநீர்ப் பழக்கத்தைப் பரப்புவதற்காக 1903இல் ஒரு சட்டம் செய்யப்பட்டு, ஒரு கமிட்டியும் அமைக்கப்பட்டது. உலகச் சந்தையில் விலை வீழ்ந்ததால் 1933இல் தேயிலை நாடுகள் ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ள உடன்பட்டன. அதன் பிறகு உள்நாட்டில் தேநீரைப் பரப்பும் முயற்சி பன்மடங்கு வலுப்பெற்றது. ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் பல மொழிகளில் எனாமல் தகடுகள் மாட்டப்பட்டன. தேநீர் போடுவது எப்படி என்பதை அவை படம் போட்டுக் கற்பித்தன: புதிய நீரைக் கொதிக்க வை, கெண்டியைச் சூடாக்கு, இலையை அளந்து போடு, நீரை ஊற்றிச் சில நிமிஷம் பொறு, பிறகு பாலும் சர்க்கரையும் சேர். நம் மக்கள் தேநீரை ஏற்றுக்கொண்டார்கள், கெண்டியை ஏற்றுக்கொள்ளவில்லை. இலையையும் பாலையும் சர்க்கரையையும் ஒரே பாத்திரத்தில் இட்டுக் கொதிக்க வைத்தார்கள். சில ஊர்களில் இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்டார்கள். தகட்டை மட்டும் படிப்பவர், இந்தியர் ஆங்கிலேயரைப் போலவே தேநீர் அருந்தினர் என்று முடிவு கட்டக்கூடும். அதன்கீழ் அடுப்பு மூட்டியவரின் கரிப்புகை அந்தத் தகட்டில் படிந்திருந்தால், அப்புகையும் வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

டப்பாக்களுக்கும் இது பொருந்தும். 1937இல் விற்பனைக்கு வந்த டால்டா வனஸ்பதியின் மஞ்சள் டின்னும் அதன் பச்சைப் பனைமரமும் நம் நாட்டில் எண்ணற்ற வீடுகளில் புகுந்தன. உள்ளிருந்த நெய் தீர்ந்தபின் அந்த டின் அரிசி அளந்தது, பருப்புக் காத்தது, துளசிச் செடிக்குத் தொட்டியாயிற்று. நான்கு காலன் கொள்ளும் சதுர மண்ணெண்ணெய் டின்னோ, மேலே குறுக்குக் கட்டை அடிக்கப்பெற்று, வறட்சிக் காலங்களில் தண்ணீர் சுமந்தது. வெட்டி விரிக்கப்பட்டுக் குடிசைக்குக் கூரையும் ஆயிற்று. இன்று ஒருவர் அத்தகைய டின்னை வாங்கிக் கட்டையைப் பிடுங்கி, பற்றுவைப்பை உருக்கி எடுத்து, புதிது போல் ஆக்கி அலமாரியில் வைத்தால், கம்பெனியின் விளம்பரம் மிஞ்சும். தண்ணீர் சுமந்த பெண்ணின் உழைப்பு மறைந்துவிடும்.

இனி, கிடைத்த பொருளின் காலத்தை அறிவது எவ்வாறு? பெரிய நூல்கள் தேவையில்லை; டப்பாவை ஊன்றிப் படித்தாலே போதும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் அது 1957 ஏப்ரல் முதல் தேதிக்கு முற்பட்டது. நயா பைசா என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. 1964 ஜூனில் ‘நயா’ என்ற அடை நீங்கியது. எடை சேரிலோ பவுண்டிலோ மட்டும் இருந்தால், 1956ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருமுன் செய்யப்பட்டிருக்கலாம். கம்பெனியின் பெயரோடு ‘பிரைவேட் லிமிடெட்’ என்று காணப்பட்டால் அது 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்திற்குப் பிற்பட்டது என்று கருத இடமுண்டு. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு செய்யப்பட்டதே. பர்மா ஷெல் என்ற பெயருள்ள பெட்ரோல் தகடுகள், அக்கம்பெனி அமைந்த 1928க்கும் அது அரசுடைமையான 1976க்கும் இடைப்பட்டவை. தமிழ்த் தகடுகளில் ணை, லை, னை முதலிய எழுத்துகள் துதிக்கைக் கொம்புடன் பழைய வடிவில் இருந்தால், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்டதாக இருக்கக்கூடும். பழைய வடிவங்களைச் சிலர் பின்னரும் கையாண்டார்கள். ஆகையால் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றை ஒப்பிட்டே காலத்தை முடிவு செய்ய வேண்டும்.

விலை ஏறிய இடத்தில் போலியும் வந்து சேருவது உலக வழக்கம். இன்று புதிதாகச் செய்து பழையதென விற்கப்படும் தகடுகள் ஏராளம். அசல் எனாமல் தகட்டில் விரலை ஓட்டினால், ஒரு வண்ணம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் மெல்லிய மேடு தட்டும்; ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியே சுடப்பட்டதன் அடையாளம் அது. எனாமல் சிதறிய இடத்தில் உட்பூச்சின் கருமை தெரியும். உடைந்த விளிம்பு கண்ணாடியைப் போல் கூர்மையாக இருக்கும். போலித் தகட்டில் பூச்சு தட்டையாக இருக்கும். உடைவதற்குப் பதில் தோலைப் போல் உரியும். ஆணித்துளையையும் கவனிக்க வேண்டும். திருகாணியை இறுக்கும்போது துளையைச் சுற்றி எனாமல் வெடிப்பது இயல்பு. துருவும் அங்கிருந்துதான் தொடங்கும். துளையில் சிறிதும் சேதமின்றி, தகட்டின் நட்ட நடுவில் மட்டும் அழகாகத் துருப்பிடித்திருந்தால் அது அமிலத்தின் வேலையாக இருக்கலாம் என்று ஐயுறுவது நல்லது.

பொருளைப் பேணும் முறையும் எளியதே. தகட்டை இளஞ்சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். அச்சிட்ட டப்பாக்களையும் தட்டுகளையும் ஈரம் படாமல் மெல்லிய உலர்ந்த துணியால் தூசி தட்டினாலே போதும். புளி, எலுமிச்சை, மணல், இரும்பு நார் ஆகியவற்றை இவற்றின் அருகே கொண்டு செல்லலாகாது. உதிர்ந்த இடத்தில் வண்ணம் தீட்டுவது, மெருகெண்ணெய் பூசுவது ஆகிய ஆசைகளையும் அடக்கிக்கொள்ள வேண்டும். பழைய பற்றுவைப்பிலும் வண்ணங்களிலும் ஈயம் கலந்திருப்பதுண்டு. ஆகையால் பழைய டப்பாவில் தின்பண்டம் வைப்பதும், பழைய தட்டில் உணவு பரிமாறுவதும், துருவை உரசித் தூளாக்குவதும் உடல்நலத்திற்குத் தீங்கானவை. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது உத்தமம்.

இவற்றிற்கெல்லாம் மேலான பேணுதல் ஒன்று உண்டு. அதற்குக் காசு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் கடையின் எந்தச் சுவர், யார் கொடுத்தார், எந்தத் தேதி, கொடுத்தவருக்கு அதைப் பற்றி என்ன நினைவிருந்தது என்பவற்றை வாங்கிய அன்றே எழுதி வைக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் இருந்த நிலையில் ஒரு புகைப்படம் எடுப்பது மிகவும் பயன் தரும். கடை இன்னும் நடந்துகொண்டிருந்தால், கடைக்காரரிடம் ஆசை காட்டித் தகட்டைப் பெயர்க்காமலிருப்பதே சிறந்தது. படம் எடுத்துக்கொண்டு, அதன் அருமையை அவருக்கு எடுத்துரைத்துவிட்டு வரலாம். தன் பாட்டனார் மாட்டிய தகட்டின் மதிப்பை அறிந்த கடைக்காரரைவிடச் சிறந்த காவலர் அதற்கு இல்லை.

சட்டத்தையும் நாம் அறிந்திருப்பது கடமை. பழம்பொருள்கள், கலைச் செல்வங்கள் பற்றிய 1972ஆம் ஆண்டுச் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வரலாற்றுச் சிறப்புடையதாய் நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் நிலைத்திருக்கும் பொருள் பழம்பொருள் எனக் கருதப்படும். தனி மனிதர் அதை வெளிநாட்டிற்கு அனுப்பத் தடையுண்டு. முதல் உலக யுத்த காலத்திலும் அதற்கு முன்னும் செய்யப்பட்ட தகடுகளும் டப்பாக்களும் இப்பொழுது அந்த நூறாண்டு எல்லையைக் கடந்துவிட்டன. வேடிக்கைப் பொருளாக விமானத்தில் ஏற்றியனுப்பும் முன் இதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

பயன்படும் வகையில் சேர்த்தவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். பிரியா பால் என்னும் அம்மையார் சேர்த்த பழைய விளம்பரப் படங்கள், சீட்டுகள், நாட்காட்டிகள் முதலியவற்றை தஸ்வீர் கர் என்னும் அமைப்பினர் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் உதவியோடு எண்ணியல் படங்களாக்கி ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கச் செய்தார்கள். தேநீர் இந்நாட்டில் பரவிய கதையை எழுதிய அறிஞர்களுக்கு அத்தொகுதி துணை புரிந்திருக்கிறது. ஒருவர் வீட்டு அலமாரி இவ்வாறு நாட்டின் ஏடாக மாற முடியும்.

அவ்வளவு பெரிய முயற்சி எல்லோருக்கும் கைகூடாது. ஆயினும் நம் வீட்டுப் பரணில் ஒரு டின் இருக்கும். நம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு தகடு எஞ்சியிருக்கும். அந்த டின் எப்பொழுது வந்தது, அதில் முதலில் என்ன இருந்தது, பின்னர் என்னென்ன வைத்தார்கள் என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அதை டின்னுக்குள்ளேயே போட்டு மூடி வையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். தகரம் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். அவர்களுடைய நினைவுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.